கலஹா மலைகளில் தப்பும் கிற்றாரும்

கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டைப் பக்கமாக இருக்கும் கலஹாவின் தோட்டங்களில் மிகப் பழைய தாளக்கருவி தப்பு. பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கும் முன்பே, கோப்பிக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தப்பையும் கூத்தையும் இந்த மலைகளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விடியுமுன் லயக் குடியிருப்புக்காரரைப் பிரட்டு எனும் ஆளெடுப்புக்கு எழுப்பியதும் தப்புதான். மாசிக் காமன் கூத்துக்கு ஆட்டம் கொடுத்ததும் அதுதான். அடிக்குமுன் சருகைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டுவார்கள். தோல் இறுகினால்தான் கணீரென்ற ஓசை வரும். ஈரம் மிகுந்த மலைக்காற்றில் அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கும்.

தப்போசை மலையில் கேட்ட அதே காலத்தில் கரையோரத்தில் பைலா வளர்ந்தது. போர்த்துக்கேயர் காலத்து ஆட்டப்பாட்டும் ஆபிரிக்க வழிவந்த காப்பிலியரின் தாளமும் சேர்ந்து உருவான அந்த இசைக்கு, பொலிஸ் உத்தியோகத்தரான வோலி பஸ்டியன் 1940களில் சிங்கள மேடைப்பாட்டு வடிவம் கொடுத்தார்.

பின்னர் பைலாவுக்குள் வந்த ஒரு கருவி கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளின் சுரங்களே அதில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். 1961இல் பீட்டில்ஸ் குழுவின் பேஸ் பொறுப்பு பால் மெக்கார்ட்னியிடம் வந்தது. பேஸ் வாசித்தபடியே பாடுபவர் என்ற உருவம் அவரால் உலகெங்கும் பரவியது. அது எளிய வித்தை அல்ல. விரல் தாளத்தை விட்டு விலகக் கூடாது; குரலோ தாளத்தின் குறுக்கே முந்தியும் பிந்தியும் ஓட வேண்டும். பைலாவில் இந்தக் கருவி இயல்பாகப் பொருந்தியது. ஆறு எண்ணிக்கைச் சுழற்சி முழுவதையும் கிற்றார் அள்ளித் தட்ட, பேஸ் கனமான இடங்களை மட்டும் தொட்டுச் செல்லும்; ஆடுபவரின் கால் பற்றிக்கொள்வது அந்த இடங்களைத்தான். 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்னஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு வந்தபின், மின்கிற்றார் சிங்கள மெல்லிசையின் நடுவில் அமர்ந்தது.

தமிழிலும் பொப்பிசை என்ற பெயரில் அதே தலைமுறை எழுந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில், ஊர்ப்பேச்சையே பாட்டாக்கினார். திருகோணமலையிலிருந்து பரமேஸ் – கோணேஸ் சகோதரர்கள் வந்தனர். 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் உள்ளூர்ப் படைப்புகளுக்கு இடம் கூடியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இந்தப் பாடல்களைத் தோட்டங்களுக்கும் எடுத்துச் சென்றது.

இவர்களில் எல்லை தாண்டியவர் ஏ.ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று மக்கள் அழைத்த அவருடைய ‘சுராங்கனி’ தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் கலந்தது. தமிழ் லயங்களும் சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் கடைவீதிகளும் அடுத்தடுத்து இருக்கும் கலஹா போன்ற ஊரில் இந்தக் கலப்பைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் அந்தப் பாடலைப் பாட, தமிழகமும் அதைத் தனதாக்கிக்கொண்டது. மனோகரன் சென்னைக்குக் குடிபெயர்ந்து, தென்னிந்தியப் படங்களில் ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் நடித்தார். 2018 ஜனவரி 22இல் அங்கேயே காலமானார்.

பொப்பிசை பரவிய அதே ஆண்டுகளில் மலையகத்தை வேறு துயரங்கள் வாட்டின. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வழித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. கப்பலேறிய பலர் நீலகிரியில் குடியேறினர். 1970களின் நடுவில் தோட்டங்களைப் பட்டினி தாக்கியது. பொப்பிசை இதைப் பாடவில்லை. மகிழ்விப்பதே தன் வேலை என்று அது எடுத்துக்கொண்டதை மன்னிக்கலாம். என்றாலும் குறை குறைதான். கங்காணியையும் கூலியையும் பிரிவையும் பாடியவர்கள் கொழுந்து பறித்த பெண்களும் தப்படித்த ஆண்களுமே. அந்தப் பாடல்களைத் திரட்டி, சி.வி. வேலுப்பிள்ளை 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக்கினார்.