காளி: எல்லையாக்கப்பட்ட ஆறு

ஆங்கிலேயரோடு நடந்த போரில் தோற்ற நேபாளம், 1816இன் சுகௌலி ஒப்பந்தப்படி காளி ஆற்றுக்கு மேற்கே இருந்த நிலங்களைக் கைவிட்டது. அன்றுமுதல் அந்த ஆறே நேபாளத்தின் மேற்கு எல்லை. ஆனால் ஆறு எங்கே பிறக்கிறது என்று ஒப்பந்தம் வரையறுக்கவில்லை.

உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில், கயிலாய யாத்திரை போகும் லிபுலேக் கணவாய்க்குக் கீழே காலாபானி இருக்கிறது. அங்குள்ள ஊற்றுகளிலிருந்தே காளி தொடங்குகிறது என்பது இந்தியாவின் நிலை. குஞ்சியில் வந்து சேரும் குட்டி யாங்தி என்ற ஓடைதான் பெரியது, அதனால் அது பிறக்கும் லிம்பியாதுராவே ஆற்றின் தலை என்கிறது நேபாளம். 2020இல் தன் வரைபடத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. எந்த ஓடை தாய் ஓடை என்பதைப் பொறுத்து, இடையிலுள்ள மலைநிலம் முழுவதும் கை மாறிவிடும்.

குஞ்சியிலிருந்து ஆறு செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்குகிறது. இரு கரைகளிலும் வாழும் ரங் சமூகத்தினர் கோடையில் மேலே உள்ள ஊர்களுக்கும், குளிர்காலத்தில் கீழே தார்ச்சுலாவுக்கும் இடம்பெயர்பவர்கள். தார்ச்சுலாவுக்கு எதிர்க்கரையில் நேபாளத்தின் தார்சுலா. நடுவே ஒரு தொங்குபாலம். கடக்க விசா வேண்டாம். பெண் கொடுத்து எடுப்பதும் சந்தைக்குப் போவதும் அதன் வழியேதான். 2013 ஜூன் வெள்ளம் இரு கரைகளையும் சேர்த்தே அரித்தது.

ஜவுல்ஜிபியில் கோரி கங்கை கலக்கிறது. பஞ்சேஷ்வரில் சரயு கலக்கிறது. இங்கே முந்நூறு மீட்டருக்கும் உயரமான அணை கட்ட, 1996இல் இந்தியப் பிரதமர் நரசிம்ம ராவும் நேபாளப் பிரதமர் ஷேர் பகதூர் தேவுபாவும், ஆற்றின் நேபாளப் பெயரைத் தாங்கிய மகாகாளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நீரையும் மின்சாரத்தையும் பங்கிடுவதில் நீடிக்கும் இழுபறியால் அணை இன்னும் எழவில்லை.

தனக்பூர் அருகே மலை விடை கொடுக்க, ஆறு சமவெளியில் விரிகிறது. பன்பசா தடுப்பணைக்காக 1920இல் ஆங்கிலேய அரசு நேபாளத்துடன் நிலம் மாற்றிக்கொண்டது. 1928இல் திறந்த சாரதா கால்வாய், உத்தரப் பிரதேச வயல்களுக்கு இந்த நீரைக் கொண்டுபோகிறது. எல்லை வேலை முடிந்த காளி, சாரதா என்ற பெயரில் காக்ராவில் கலந்து, அதன் வழியே கங்கையைச் சேர்கிறது.

மேலே ஆற்றை வைத்து நிலத்துக்கு வழக்கு. கீழே நீருக்கு வழக்கு. வரைபடத்தில் கோடாக இருக்க ஓர் ஆறு போதும். அதிலிருந்து பயன்பெற இரு நாடுகளும் ஒத்துப்போக வேண்டும். இருநூறு ஆண்டுகளாக முதல் வேலைக்குத்தான் காளி பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது.