தங்க மயில் வென்ற சிங்களப் படம்... 'கம்பெரலிய' இன்றும் கொண்டாடப்படுவது ஏன்?

இலங்கை சினிமா என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று 'கம்பெரலிய'. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி 1963-ல் வெளியான இந்தக் கறுப்பு வெள்ளைப் படம், மார்ட்டின் விக்கிரமசிங்க 1944-ல் வெளியிட்ட அதே பெயருள்ள நாவலின் திரைவடிவம். அப்படி என்னதான் இருக்கு இதில்?

தலைப்புக்கு என்ன பொருள்?

சிங்களத்தில் 'கம' என்றால் கிராமம். 'பெரலிய' என்றால் தலைகீழாகப் புரட்டிப்போடும் மாற்றம். காலி அருகே உள்ள கொக்கலதான் விக்கிரமசிங்கவின் சொந்த ஊர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்துக்காக அந்த ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நாவலோ, அதற்கும் முன்பே தென்னிலங்கைக் கிராமங்களில் சத்தமில்லாமல் நடந்த மாற்றத்தைச் சொல்கிறது.

கதை என்ன?

20-ம் நூற்றாண்டின் தொடக்கம். ஊரே மதிக்கும் ஒரு 'பெரிய வீடு'. அந்த வீட்டுப் பெண் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வருகிறான் பியல். இருவருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால், அந்தஸ்தில் குறைந்தவன் என்று சொல்லி பியலுக்குப் பெண் தர மறுக்கிறது குடும்பம்.

'நல்ல குடும்பம்' என்பதற்காக ஜினதாசவைக் கட்டிக்கொள்கிறாள் நந்தா. கையில் காசில்லாத அவன், தொழிலில் நொடித்துப்போய் பிழைப்பு தேடி ஊரைவிட்டே போகிறான். பியல் கொழும்பில் வியாபாரம் செய்து பணக்காரனாகிறான். ஜினதாச இறந்துவிட்டதாகத் தகவல் வந்த பிறகு, நந்தாவும் பியலும் மணமுடிக்கிறார்கள். அந்தத் தகவலே தவறு என்பது பிறகுதான் தெரியவருகிறது.

படத்தில் வில்லன் யாரும் கிடையாது. பரம்பரைப் பெருமைக்கும் புதுப் பணத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, இரண்டுக்கும் விலை கொடுப்பவள் நந்தாதான். பணம் வந்ததும் பழைய மறுப்பு காணாமல் போவதுதான் கதையின் கசப்பான உண்மை.

சினிமாவில் என்ன மாறியது?

இங்கேதான் தமிழ்நாட்டுத் தொடர்பு வருகிறது. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) தயாரானது மதுரையில், எஸ்.எம்.நாயகத்தின் சித்ரகலா மூவிடோன் ஸ்டுடியோவில். அதன்பின் பல ஆண்டுகள் சிங்களப் படங்களிலும் தென்னிந்தியப் படங்களின் பாட்டு, ஆட்டம், சண்டை ஃபார்முலாதான் ஓடியது.

பீரிஸ் அந்த ஃபார்முலாவை ஓரம்கட்டினார். ஸ்டுடியோவுக்குப் போகாமல், நிஜ இடங்களிலேயே படமாக்கினார். ரெஜி சிறிவர்தன திரைக்கதை எழுத, அமரதேவ இசையமைத்தார். நந்தாவாக புண்யா ஹீந்தெனியவும், பியலாக நாடகக் கலைஞர் ஹென்றி ஜயசேனவும் நடித்தார்கள். ஜினதாசவாக வருபவர் நட்சத்திர நடிகர் காமினி பொன்சேகா.

விருது கிடைத்தது எப்படி?

1965-ல் டெல்லியில் நடந்த சர்வதேச திரைப்பட விழாவில் முதன்முறையாகப் போட்டிப் பிரிவு சேர்க்கப்பட்டது. நடுவர் குழுத் தலைவர் சத்யஜித் ரே. முதல் தங்க மயில் விருதே 'கம்பெரலிய'வுக்குத்தான்.

பிறகு என்ன ஆனது?

இந்த நாவல் ஒரு முத்தொகுதியின் முதல் பாகம். மற்ற இரண்டான 'கலியுகய', 'யுகாந்தய' நாவல்களையும் 1980-களில் பீரிஸே படமாக்கினார். 2018-ல், 99 வயதில் அவர் காலமானார். நாவலைத் தமிழிலும் படிக்கலாம். எம்.எம்.உவைஸ் மொழிபெயர்ப்பில் அதன் பெயர் 'கிராமப் பிறழ்வு'.