இருக்கையை வென்றார்கள், வீட்டை இழந்தார்கள்: மாண்ட்கோமரி நமக்குச் சொல்வது

நம் கூட்டங்களில் ரோசா பார்க்ஸ் பெயர் அடிக்கடி வரும். 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் ஒரு வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து வென்றார்கள். இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நாம் கலைந்துவிடுகிறோம். அந்த நகரத்தின் கதை அங்கே முடியவில்லை. பேருந்தில் வென்ற மக்களின் தெருக்கள் மீதே அடுத்த சில ஆண்டுகளில் நெடுஞ்சாலை போடப்பட்டது. அந்த இரண்டாம் பாதியை நாம் பேசுவதே இல்லை.

இப்போது அதைப் பேச வேண்டிய தேவை வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 11 நகரங்கள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்க்கப்பட்டன. கோவை, மதுரை போன்ற நகரங்களில் நல்ல பேருந்து வேண்டும், சைக்கிள் பாதை வேண்டும், வேலைக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் வேண்டும் என்ற பேச்சு பலமாகக் கேட்கிறது. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் வரைபடத்தை யார் வரைகிறார்கள், கோடு யார் வீட்டின் மீது விழுகிறது என்று கேட்காமல் தலையாட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு மாண்ட்கோமரி ஒரு பாடம்.

மக்களே நடத்திய போக்குவரத்து

1950களில் மாண்ட்கோமரி ஒரு நடுத்தர நகரம். சுமார் 1 லட்சம் மக்கள்; அவர்களில் ஐந்தில் இரண்டு பேர் கறுப்பினத்தவர். பேருந்தின் முன்பக்கம் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டும். அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். பல நேரங்களில் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள். அவர் ஏறுவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் ஓட்டுநர்களும் உண்டு.

1954 மே 21 அன்று, பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவரான பேராசிரியர் ஜோ ஆன் ராபின்சன் நகர மேயருக்குக் கடிதம் எழுதினார். பேருந்துப் பயணிகளில் நான்கில் மூன்று பங்கு நாங்கள்; நாங்கள் ஏறாவிட்டால் உங்கள் பேருந்து ஓடாது என்பதே அதன் சாரம். 1955 மார்ச் 2 அன்று கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி எழ மறுத்துக் கைதானார். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே நடந்தது இது. போராட்டம் ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை.

புறக்கணிப்பு என்றால் வெறுமனே நடந்து போனது என்று நினைக்கிறோம். நடந்தார்கள்தான். கூடவே ஒரு போக்குவரத்துக் கழகத்தையே நடத்தினார்கள். சுமார் 300 கார்கள் முறை வைத்து ஓடின. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று திட்டம் போட்டார்கள். தேவாலயங்கள் பெரிய வண்டிகள் வாங்கிக் கொடுத்தன. கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட் மட்டும் வாங்கியபோது, குறைந்தது 45 சென்ட் வாங்க வேண்டும் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் மிரட்டியது. கார்களின் காப்பீடுகள் ரத்து செய்யப்பட்டன. வீட்டு வேலை செய்யும் பெண்கள் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது நகர நிர்வாகத்தைவிட அந்த மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நகரப் போக்குவரத்து பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரே மாதத்தில் இரண்டு முடிவுகள்

1956 ஜூன் 5 அன்று, பேருந்தில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் மனுதாரர்களில் கிளாடெட் கோல்வினும் ஒருவர். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பர் 20 அன்று புறக்கணிப்பு முடிந்தது.

அதே ஜூன் மாதம் 29 அன்று, குடியரசுத் தலைவர் ஐசனோவர் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் நெடுஞ்சாலை. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. ஆனால் சாலை எந்தத் தெரு வழியாகப் போகும் என்று கோடு போடும் வேலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருந்தது.

அலபாமாவில் 1959-ல் அந்தத் துறையின் தலைவராக வந்தவர் சாம் எங்கல்ஹார்ட். இனப் பிரிவினையைக் காப்பாற்றத் தொடங்கப்பட்ட வெள்ளைக் குடிமக்கள் மன்றங்களின் முன்னணித் தலைவர் அவர். டஸ்கீகி நகரத்தில் கறுப்பின வாக்காளர்கள் ஏறக்குறைய எல்லோரையும் வெளியே தள்ளும் விதமாக நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட வடிவில் வளைத்துப் போட்ட 1957ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. வரைபடத்தால் என்ன செய்ய முடியும் என்று அறிந்த மனிதர்.

இன்டர்ஸ்டேட் 85 நெடுஞ்சாலை, மாண்ட்கோமரியில் கறுப்பின ஆசிரியர்களும் போதகர்களும் பேருந்துப் போராட்டத் தலைவர்களும் வாழ்ந்த பகுதி வழியாகத் திட்டமிடப்பட்டது. 1960-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். வீடுகள் அதிகம் இல்லாத மாற்றுப் பாதை இருப்பதையும், கறுப்பினத் தலைவர்களின் பகுதியைக் கலைப்பதே நோக்கம் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். இருந்தும் சாலை வந்தது.

அந்த நகர நிர்வாகத்தின் மனநிலை எப்படி இருந்தது என்பதற்கு இன்னொரு செய்தி. பொதுப் பூங்காக்களில் கறுப்பினத்தவரையும் விட வேண்டி வரும் என்றதும், 1959 தொடக்கத்தில் நகரத்தின் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டார்கள். 1965 வரை திறக்கவில்லை. தாழ்ந்தவன் குளிப்பதைவிடக் குளமே வறண்டு போகட்டும் என்ற புத்தி. நமக்குத் தெரியாத புத்தியா அது?

மாண்ட்கோமரி மட்டும் இல்லை. 1957 முதல் 1977 வரை நெடுஞ்சாலைகளால் 4,75,000-க்கும் அதிகமான குடும்பங்கள், 10 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வெளியேற்றப்பட்டதாக அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே கணக்குச் சொல்கிறது. கறுப்பினத்தவர் மீது விழுந்த சுமை மிகப் பெரிது. காரணம் வெளிப்பகை மட்டும் இல்லை. பிரிவினையால் அவர்கள் பகுதியில் நிலத்தின் விலை ஏறவே விடப்படவில்லை. பிறகு, விலை குறைவு என்று சொல்லி அதன் வழியே சாலை போட்டார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு முறையான உதவி தரும் கூட்டாட்சிச் சட்டம் 1970-ல்தான் வந்தது.

சாதி என்று எழுதாமல் சாதி காக்கும் விதி

பேருந்து அடிக்கடி வர வேண்டுமானால் அதன் வழியில் நிறையப் பேர் நெருக்கமாக வாழ வேண்டும். பெரிய மனைக்கு ஒரு வீடு என்று இருக்கும் இடத்தில் பேருந்து காலியாகத்தான் ஓடும். அமெரிக்க நகரங்களில் அப்படி ஒரு விதி எப்படிப் பரவியது?

கறுப்பினத்தவர் இந்தத் தெருவில் குடியேறக் கூடாது என்று லூயிவில் நகரம் போட்ட சட்டத்தை 1917-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 1926-ல், யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடி கட்டத் தடை போடலாம் என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இனத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதாமலே வேலை முடிந்தது. ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்று எழுதினால் போதும். பெரிய மனை வாங்க வசதியில்லாதவன் தானாகவே வெளியே நிற்பான். நம் ஊரில் வீட்டு வாசலில் தொங்கும் 'சைவம் மட்டும்' என்ற அறிவிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நெடுஞ்சாலை வழியாக வெள்ளையர் நகர விளிம்புக்குப் போனார்கள். பேருந்து, கார் வாங்க முடியாதவர்களின் வண்டியாக மிஞ்சியது. மிஞ்சியதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1990களின் பிற்பகுதியில் மாண்ட்கோமரியில் வழக்கமான பேருந்து வழித்தடங்களே நிறுத்தப்பட்டன. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைத்தால் சிறு வண்டி வரும் என்றார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் வழித்தடங்கள் திரும்பின. உலகமே அறிந்த பேருந்துப் போராட்டம் நடந்த நகரத்தில், எந்த இருக்கையிலும் உட்காரும் உரிமை இருந்தது, பேருந்துதான் இல்லை.

நம் பக்கம்

1946-ல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையை அவர் அன்றே கண்டார். பேருந்து விஷயத்திலும் அந்த ஒற்றுமை உண்டு. பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சவுந்தரபாண்டியனார் உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டியபோது, அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசு நீக்கியது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனும் தோழர்களும் பேருந்தில் வரும்போது மறித்துக் கொல்லப்பட்டார்கள்.

இன்று டவுன் பஸ்ஸில் யாரும் நம்மை எழச் சொல்வதில்லை. 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வீடு எங்கே இருக்கிறது? கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் வந்திருக்கின்றன. அந்தக் குளக்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. சென்னையில் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இதே கதை. அமெரிக்காவில் நெருக்கமான வீடுகளைத் தடுத்து விலக்கினார்கள். இங்கே நெருக்கமான வீடுகளை ஊருக்கு வெளியே கட்டி விலக்குகிறார்கள். சேரி எட்டு மாடி உயர்ந்திருக்கிறது. ஊருக்கும் அதற்கும் உள்ள தூரம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

நான் பணிபுரியும் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில், வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் முதலில் கேட்பது வீட்டின் அளவை அல்ல, முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான். காலை ஆறரைக்கு வாசல் தெளிக்கப் போக வேண்டியவருக்கு ஏழு மணி பஸ்ஸால் என்ன பயன்? வேலை போகிறது. பிறகு மகளின் கல்லூரி நிற்கிறது.

எனவே பேருந்தையும் சைக்கிள் பாதையையும் அடுக்குமாடியையும் நாம் எதிர்க்க வேண்டியதில்லை. கார் இல்லாதவர்கள் நாம். இவை முதலில் நமக்கே தேவை. சேரிக்காரன் ஊர்த்தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை உடைத்து வந்தவர்கள் நாம். சைக்கிள் பாதை குளத்தைச் சுற்றி மட்டும் வந்தால் போதாது. கட்டட வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் போகிறவரின் வழியில் வர வேண்டும்.

ஒவ்வொரு திட்டம் வரும்போதும் சில கேள்விகளைக் கேட்போம். இந்தக் கோடு யார் வீட்டின் மீது போகிறது? மாற்றுப் பாதை ஏன் கைவிடப்பட்டது? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டும் அடுக்குமாடியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு எத்தனை வீடு? புதிய குடியிருப்புக்கு முதல் பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? நகராட்சிகளில் நமக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. நம் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். சாலை வரைபடம் பகுதி சபையில் தமிழில் விளக்கப்பட வேண்டும் என்று அவர்கள் வழியாகக் கோருவோம், கோடு காய்வதற்கு முன்பே.

மாண்ட்கோமரி மக்கள் 300 கார்களை வைத்து ஒரு நகரத்தையே ஓட்டிக் காட்டினார்கள். சாலைக்குக் கோடு போட்ட அறையில் அவர்களில் ஒருவருக்கும் நாற்காலி இல்லை. நமக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஜெய்பீம்.