ராக்கெட் புகையா அது?



பெரும்பாறையில் பள்ளி மைதானத்தில் அண்ணாந்து பார்த்து, "சார், ராக்கெட் போகுது!" என்று கத்துவீர்களே, நினைவிருக்கிறதா? "விமானப் புகை, வகுப்புக்கு வாங்க" என்பேன். அது தவறான பதில். இன்று திருத்திக்கொள்கிறேன்.

அது புகையல்ல, பனித்துகள். இன்ஜினிலிருந்து வரும் நீராவி, உயரத்துக் கடுங்குளிரில் கரித்துகள்மேல் உறைந்து வெள்ளைக் கோடாகிறது. காற்று வறண்டிருந்தால் உடனே மறையும். ஈரமாக இருந்தால் மேகமாகப் பரவி மணிக்கணக்கில் நிற்கும். பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும். இரவில் போர்வைபோல் பூமியின் சூட்டைப் பிடித்துவைக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கோடுதான் விமானங்களை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. எந்த உயரத்தில் கோடு விழும் என்று தெரிந்தாக வேண்டிய கட்டாயம். 1941இல் ஜெர்மனியின் ஷ்மிட்டும், 1953இல் அமெரிக்காவின் ஆப்பிள்மனும் அதற்குக் கணக்கு வகுத்தார்கள். உளவு விமானிகள் அந்த உயரத்தைத் தவிர்த்துப் பறந்தார்கள்.

உயிர் தப்பச் செய்த அதே காரியத்தை இன்று பூமிக்காகச் செய்யப் பார்க்கிறார்கள். கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்சும் 70 பயணங்களில் உயரத்தை மாற்றிச் சோதித்து, கோடுகள் 54 சதவீதம் குறைந்ததாக 2023இல் அறிவித்தன. அப்படிப் பறந்ததில் எரிபொருள் 2 சதவீதம் கூடியது. எல்லா விமானங்களும் மாற வேண்டியதில்லை. ஜப்பான் வான்வெளி பற்றிய 2020 ஆய்வின்படி, 2 சதவீதத்துக்கும் குறைவான விமானங்கள் உயரம் மாறினாலே கோடுகளால் ஏறும் வெப்பம் பாதிக்குமேல் குறையும்.

உங்கள் பிள்ளைகள் வானத்தைக் காட்டிக் கேட்டால், என்னைப்போல் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். கோடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சேர்ந்து பாருங்கள்.