கோலா மூடாவிலிருந்து வந்த கப்பித்தான்

ஈயமும் ரப்பரும் வந்த பிறகுதான் கெடாவுக்குச் சீனர்கள் வந்தார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. 1786 ஜூலையில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியதும், மீன் வலைகளோடு அவரைப் பார்க்கப் போனவர் கெடாவின் கோலா மூடாவில் குடியிருந்த கோ லே ஹுவான். பினாங்கின் முதல் சீனக் கப்பித்தான் அவர்தான். நம்மவருக்குக் கப்பித்தானாக இருந்தவர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த காதர் முகைதீன். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்தப் பதவியின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது.

அன்றைய கெடா அரசாங்கம் அபின், சாராயம், சூதாட்ட வரியைத் தானே வசூலிக்கவில்லை. பினாங்குத் தவுக்கேமாருக்குக் குத்தகைக்கு விட்டது. கூலிம் பக்கம் மரவள்ளித் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் சீனத் தொழிலாளர் வந்து குவிந்தார்கள். அவர்கள் கூலியில் ஒரு பங்கு அபின் கடைக்கே போயிற்று. நானும் கடை வைத்திருப்பவன். இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் இவ்வளவு கொடுமையும் சேர்ந்த கணக்கை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. 1909-ல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய பிறகே குத்தகை முறை மறைந்தது.

அந்த மக்களுக்குத் துணை நின்றவை கொங்சிகள். பங்கு போட்டுக்கொள்வதை நாம் ‘கொங்சி’ என்கிறோமே, அந்தச் சொல்தான். புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடம், ஊருக்குப் பணம் அனுப்ப வழி, இறந்தால் அடக்கம். பினாங்கின் கூ கொங்சி 1835-ல் தொடங்கியது. நம் ஊர்க்காரர்களின் கிட்டங்கிகளும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தன.

சண்டையும் இருந்தது. 1867 ஆகஸ்டில் பினாங்குக் கலவரத்தில் கீ ஹின் சங்கத்தோடு வெள்ளைக் கொடியாரும், தோ பே கோங் சங்கத்தோடு சிவப்புக் கொடியாரும் சேர்ந்து மோதினார்கள். மலாய்க்காரரும் நம்மவரும் இரண்டு கொடிகளின் கீழும் இருந்தார்கள். அதை இனச்சண்டை என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது. சீனர்கள் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். சிறு தொகை கொடுத்தவரும் அதில் உண்டு. வொல்ஃப்காங் ஃபிராங்க என்ற ஜெர்மன் அறிஞரும் சென் தியே ஃபானும் மலேசியா முழுவதும் அலைந்து அந்தக் கல்வெட்டுகளைத் திரட்டி, 1982 முதல் 1987 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். நம் கிட்டங்கிகளில் பாய் விரித்துப் படுத்தவர்களின் பெயர்களோ பெரியவர்கள் வாய்மொழியோடு போய்க்கொண்டிருக்கின்றன. இந்த மலருக்குப் படம் தேடியபோதுதான் அது எவ்வளவு என்று புரிந்தது. உங்கள் வீட்டு அலமாரியில் வாப்பா, ராதா காலத்துச் சந்தா ரசீதோ பற்றுவரவு நோட்டோ கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் செயலாளரிடம் ஒருமுறை காட்டுங்கள்.