எண்ணும் உளியும்



கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு பாயும் சமவெளியில் கள்ளக்குறிச்சி அமைந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அவ்வட்டாரத்துக்கு நெடுங்காலமாகப் புகழ் தந்து வரும் தொழில் மரச்சிற்பம். தேக்கிலும் வாகையிலும் தெய்வ வடிவங்களையும் கதவு வேலைப்பாடுகளையும் செதுக்கும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. 2021ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்று தமிழ்நாட்டு மரப் பட்டறைகள் பலவற்றில் உளியின் ஓசையோடு வேறோர் ஓசையும் கேட்கிறது. அது கணினியின் ஏவலுக்கு இணங்கி மரத்தைக் குடையும் சி.என்.சி. பொறியின் ஓசை. கைவினைஞர் பல நாள் உழைத்துச் செதுக்கும் கதவுப் பலகையை அது சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அப்படியானால் உளி பிடித்த கைக்கு இனி வேலை என்ன? இக்கேள்விக்கு விடை காண, அப்பொறி வந்த வழியை நாம் அறிதல் வேண்டும்.

பொறி எண்ணால் இயங்குகிறது; சிற்பி கையால் செதுக்குகிறான் என்று பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. நம் சிற்பிகளின் தொழிலும் எண்ணின் மேல் நின்றதே. முதன்மைத் தெய்வத்தின் வடிவத்துக்கு உத்தம தசதாலம் என்னும் அளவை வகுத்தனர். சிற்பத்தின் முழு உயரத்தை 124 கூறுகளாகப் பகுத்து, முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று கணக்கிட்டனர். தேவியின் வடிவத்துக்கு 120 கூறுகள். இரண்டடிச் சிற்பமாயினும் பத்தடிச் சிற்பமாயினும் கூறுகளின் எண்ணிக்கை மாறாது; கூறின் அளவே மாறும். ஆகவே எண் சிற்பிக்கு அயலானதன்று. அது அவன் நினைவில் வாழ்ந்தது.

நினைவில் இருந்த எண் அட்டைக்கு மாறிய கதை ஐரோப்பாவில் நிகழ்ந்தது. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு லியான் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பட்டில் பூ வேலைப்பாடு நெய்யும் தறியைச் செம்மை செய்தார். எந்த இழை உயர வேண்டும் என்பதைத் துளை சொல்லும். தறி அதற்கு அடங்கி நடக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் அலகுகளைச் செய்து வந்தார். அவற்றின் வளைவைத் துல்லியமாக வெட்டுவது அரிதாயிருந்தது. அவர் வளைவின் புள்ளிகளைக் கணக்கிட்டுப் பட்டியலாக்கினார். ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, மற்றிருவர் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்பி வெட்டுங்கருவியை அந்தந்தப் புள்ளிக்கு நகர்த்தினர். மனிதர் செய்த இவ்வேலையைப் பொறியே செய்தால் என்ன என்ற எண்ணம் வளர்ந்தது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952ஆம் ஆண்டில், துளையிட்ட நாடாவின் ஆணைப்படி மூன்று திசைகளில் நகரும் பொறியை இயக்கிக் காட்டினர்.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார், தேர்ந்த தொழிலாளி பொறியை இயக்கும்போது அவன் அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, அதைக் கொண்டே அடுத்த உருப்படிகளைச் செய்யும் முறையை உருவாக்கினர். அங்கே தொழிலாளியின் திறமையே மூலம். ஆயினும் தொழிலுலகம் எண் வழியையே தழுவியது. வானூர்தி உறுப்புகளின் சிக்கலான வடிவம் ஒரு காரணம். தொழில் அறிவைப் பட்டறையிலிருந்து அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்னும் முதலாளிகளின் விருப்பமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். பொறி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அறிவியல் மட்டும் முடிவு செய்வதில்லை. அதை உடையவர் யார் என்பதும் முடிவு செய்கிறது.

அன்று பெரும் ஆலைகளே வாங்கக்கூடியதாக இருந்த பொறி, இன்று எளியவர் கைக்கும் எட்டும். அதற்கு உதவியது ஸ்டெப்பர் மோட்டார். இது தொடர்ந்து சுழலாமல் அடியடியாகச் சுழலும். பொதுவான வகை, ஒரு முழுச் சுற்றை 200 அடிகளில் முடிக்கும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டோடு இணைத்தால், ஓர் அடிக்கு உளி நகரும் தொலைவு 0.025 மில்லிமீட்டர். மயிரிழையினும் நுண்ணிய அளவு அது.

கணினி தரும் மின்குறிப்பு மிக மெல்லியது. மோட்டாரைச் சுழற்ற அது போதாது. இடையில் நின்று, குறிப்புக்கு ஏற்ப வலிய மின்னோட்டத்தைச் சுருள்களுக்கு முறையாகச் செலுத்தும் மின்சுற்றே டிரைவர். 'ஓர் அடி எடு' என்று ஒரு கம்பியும், 'இத்திசையில்' என்று மற்றொரு கம்பியும் அதற்கு ஆணையிடுகின்றன. கழித்துப் போட்ட அச்சுப்பொறிகளிலும் நகலெடுக்கும் பொறிகளிலும் இத்தகைய மோட்டார்களும் டிரைவர்களும் கிடைக்கும். சில்லின் மேல் பொறித்த எண்ணைக் கொண்டு அதன் விவரத்தாளைத் தேடிப் படித்தால், எந்த முனைக்கு எது என்பது விளங்கும். நான்கு கம்பிகள் உள்ள மோட்டாரில் இரண்டை ஒன்றாகத் தொடுத்துத் தண்டைத் திருப்பிப் பாருங்கள். அது இறுகினால் அவ்விரண்டும் ஒரே சுருளின் முனைகள். மின்னோட்டத்தின் எல்லையை மோட்டாருக்கு ஏற்ப முதலில் அமைத்தல் வேண்டும். மின்சாரம் பாயும்போது மோட்டாரின் கம்பியைக் கழற்றலாகாது. கழற்றினால் டிரைவர் கெடும். முன்னாளில் கணினியின் 25 முனை இணைப்பு வழியாக ஆணைகளை அனுப்பினர். புதிய கணினிகளில் அவ்விணைப்பு பெரும்பாலும் இல்லை. 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ போன்ற சிறு பலகைகள் அப்பணியைச் செய்கின்றன.

இவ்வாறு பழம்பொருளைக் கொண்டு அமைக்கும் சிறு பொறி, ஆலைப் பொறியின் விரைவையும் வலிமையையும் பெறாது. ஆனால் அது கைவினைஞனின் வீட்டிலேயே இருக்கும். அவன் செதுக்கிய மூலச் சிற்பத்தை அளந்து எண்ணாக்கி, கடினமான முதற்குடைவைப் பொறிக்கு விட்டு, கண்ணையும் இதழையும் தன் உளியால் முடிக்கலாம். அன்று கைவிடப்பட்ட வழி, தொழிலாளியின் திறமையையே மூலமாகக் கொண்ட வழி, மீண்டும் திறந்திருக்கிறது. கையால் முடித்தது எது, பொறி முடித்தது எது என்பதை வாங்குவோரிடம் மறைக்காமல் சொல்வதும் கடமை. கைத்திறனுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் மதிப்பு அந்த நேர்மையில்தான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் பயிலும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பிறர் எழுதிய எண்களுக்குப் பொத்தானை அமுக்குவது மட்டும் தெரிந்தவன், பார்சன்ஸின் பட்டறையில் கைப்பிடி திருப்பியவனின் நிலையிலேயே இருப்பான். அவன் வேலையைத்தான் பொறி முதலில் எடுத்துக்கொண்டது. எண்ணைப் படைக்கவும் பொறியைப் பிரித்துப் பூட்டவும் கற்றவனுக்கு அந்த அச்சம் இல்லை. கணிதத்தை வகுப்பறையில் கற்றுக்கொள்ளுங்கள்; அளவை உங்கள் ஊர்ச் சிற்பியிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்தால், பொறி நம் தொழிலுக்குத் துணையாகும்.