கைம்மாறு கருதாக் கடன்: தமிழ் அறச்சிந்தனையில் கடப்பாட்டின் அடிப்படை

முன்னுரை

வங்கியில் வாங்கியதும் கடன். இறந்தவருக்குச் செய்வதும் கடன். நன்றிக்கடன், நேர்த்திக்கடன், காலைக்கடன் என்று அச்சொல் நம் வழக்கில் பரந்து கிடக்கிறது. திருப்பித் தர வேண்டியதையும் செய்தே தீர வேண்டியதையும் தமிழ் ஒரே சொல்லால் குறித்திருக்கிறது. பெற்றதற்கு ஈடு செய்வதே கடன் என்றால், நமக்கு எதுவும் தராத ஒருவருக்கு நாம் எப்படிக் கடன்பட்டோம்? முன்பின் அறியாதவரின் பசி நம்மை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? இவ்வினாவுக்குத் தமிழ் நூல்கள் தந்த விடைகளைப் புறநானூறு முதல் வள்ளலார் வரை இக்கட்டுரை பின்தொடர்கிறது. கைம்மாறு பற்றிய எண்ணம் படிப்படியாகப் பின்னுக்குச் செல்ல, பிறர் துன்பத்தை அறிதலே கடப்பாட்டின் அடிப்படையாக முன்வந்தது என்பது இதன் முடிபு.

நிலை சார்ந்த கடன்

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் ஐவரின் கடன்களை அடுக்குகிறார். மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் கடன். அவனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடன். கொல்லன் வேல் வடித்துத் தருகிறான்; வேந்தன் நன்னடை நல்குகிறான்; மகன் களிற்றை வீழ்த்தி மீள்கிறான். இங்கே கடன் அவரவர் நிலையிலிருந்தே பிறக்கிறது. ஒவ்வொருவரும் ஒன்றைத் தந்து ஒன்றைப் பெறும் வட்டம் இது. ஆனால் இதில் அயலாருக்கு இடமில்லை.

அதே தொகைநூலில் இவ்வட்டத்தைத் தாண்டும் குரல்களும் உண்டு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும்போது (134), மறுமைப் பயன் கருதி அறத்தை விலை பேசும் 'அறவிலை வணிகன்' அல்லன் அவன் என்கிறார். சான்றோர் சென்ற நெறி என்பதே அவனுடைய கொடைக்குக் காரணம். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியோ (182), பிறருக்காக முயல்வோர் இருப்பதாலேயே உலகம் நிலைக்கிறது என்கிறார். ஆயினும் அத்தகையோர் புகழுக்காக உயிரையும் தருவர் என்று அவரே பாடுகிறார். பொருளாகத் திரும்பி வருவதை எதிர்பாராதபோதும் புகழ் என்னும் ஈட்டம் எஞ்சியே நிற்கிறது.

அறிதலே அடிப்படை

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். கடப்பாடு கைம்மாறு வேண்டாதது, மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்து மரம் என்று தொடர்ந்து வரும் உவமைகளும் அதே திசையில் செல்கின்றன. நீர் முகக்க வந்தவர் யார் என்று ஊருணி கேட்பதில்லை.

இவ்வதிகாரத் தலைப்பில் 'அறிதல்' ஏன் வந்தது என்பதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் தரும் விளக்கம் நம் ஆய்வுக்கு மையமானது. வேதநடை அறநூல்களில் கூறப்படுகிறது. ஒப்புரவாகிய உலகநடை அவ்வாறு கூறப்படாமல் தாமே அறிந்து செய்யும் தன்மையுடையது என்கிறார் அவர். விதியைக் காட்டும் நூல் இல்லாத இடத்திலும் கடமை உண்டு. அதை அறிகிற மனமே அதற்குச் சான்று என்று இதை விரித்துக்கொள்ளலாம். கடப்பாடு தவிர்க்கத்தக்கதன்று என்பது அதன் பெயராலேயே பெறப்படும் என்றும் அவர் குறிக்கிறார். இன்னாசெய்யாமை அதிகாரமும் இதனோடு இணைகிறது: பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் போற்றாவிட்டால் அறிவினால் பயனில்லை என்பது அதன் வாதம்.

இந்த அறிதலுக்குக் கண்தான் வாயில். கலித்தொகையில் (133) நல்லந்துவனார் கண்ணோட்டம் என்னும் இரக்கம் பாராமல் தண்டிப்பதையே முறை என வரையறுக்கிறார். வள்ளுவரோ அரசியலில் கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை ஆகியவற்றை அடுத்துக் கண்ணோட்டத்தை 58ஆம் அதிகாரமாக வைத்து, கடமை கெடாமல் கண்ணோட வல்லவரைப் போற்றுகிறார். நீதிக்கும் இரக்கத்துக்கும் இடையிலான பழைய இழுபறிக்கு அவர் கண்ட தீர்வு இது.

பசி என்னும் உரிமை

'அறவிலை' என்ற சொல் மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையில் மீண்டும் வருகிறது. ஆனால் பொருள் நகர்ந்திருக்கிறது. புறநானூறு கொடுப்பவனின் நோக்கத்தைப் பார்த்தது. மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் பெறுபவரின் நிலையைப் பார்க்கிறார். திருப்பிச் செய்ய வல்லவருக்குக் கொடுப்பது அறத்தை விற்பதே. ஆற்றாதவரின் பசியைக் களைவதே மெய்யான வாழ்க்கை. கைம்மாறு செய்ய இயலாமையே இங்கு ஒருவருக்கு முதல் உரிமையைத் தருகிறது.

அக்காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதை இதை உச்சத்துக்குக் கொண்டுசெல்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியோடு மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட அவன், பலருக்கு ஊட்டிய கலத்தைத் தனக்கு மட்டும் பயன்படுத்த ஒப்பவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் துறக்கிறான். பின்னர் அதே பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வர, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது.

உறவின் உரிமை

1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார் வள்ளலார் (1823–1874). சாதி, சமய வேறுபாடு பாராமல் பசித்தவருக்கு உணவிடும் அச்சாலையின் அடுப்பு அன்று மூட்டியது முதல் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

ஓர் உயிரின் துன்பம் கண்டு மற்றோர் உயிர் ஏன் உருக வேண்டும் என்ற வினாவை 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் நூலில் அவர் நேரடியாகவே எழுப்புகிறார். உயிர்களெல்லாம் இறைவனால் ஒரே தன்மையாகப் படைக்கப்பட்டவை; ஆதலால் உடன்பிறப்புரிமை உடையவை என்பது விடை. அப்படியானால் சிலர் ஏன் உருகுவதில்லை? ஆன்ம அறிவாகிய கண் மங்கி, அதற்கு மூக்குக்கண்ணாடிபோல் உதவ வேண்டிய மனம் முதலியவையும் ஒளி புகாத தடித்த கண்ணாடிகளாக இருப்பதால்தான் என்கிறார். அறக்குறை பார்வைக்குறையாகிறது. வள்ளுவரின் கண்ணோட்டம் இங்கே புது ஆழம் பெறுகிறது.

முடிவுரை

இவ்வளர்ச்சியை நேர்கோடாகக் கொள்ள முடியாது. திருக்குறள் புகழுக்கென ஓர் அதிகாரமே வகுக்கிறது. மணிமேகலையில் வினைப்பயன் கதையை இயக்குகிறது. வள்ளலாரிடம் இறையருளே பேறு. பயனைப் பற்றிய எண்ணம் எங்கும் முற்றிலும் மறையவில்லை. ஆனால் கடனைப் பிறப்பிப்பது அப்பயன் அன்று என்ற தெளிவு நூலுக்கு நூல் கூடியிருக்கிறது. நிலையிலிருந்து பிறந்த கடன் அறிதலுக்கும், அறிதலிலிருந்து பசித்தவரின் உரிமைக்கும், அங்கிருந்து உயிர்களின் உறவுக்கும் வேர் விட்டுச் சென்றிருக்கிறது.

தொடக்க வினாவுக்கு இம்மரபு தரும் விடை இதுதான்: அயலாரிடம் நாம் எதையும் வாங்கியிருக்க வேண்டியதில்லை, அவர் துன்பம் நம் கண்ணில் பட்ட கணமே நாம் கடன்பட்டுவிடுகிறோம். கண்டும் காணாததுபோல் கடந்து செல்பவர் அந்தக் கடனிலிருந்து தப்பிவிடவில்லை. அதைத் தீர்க்காமல் விட்டவர் ஆகிறார்.